மூன்றாவது தூண்

பினாங்கின் சூலியா தெருவில் துணி வாங்குவதற்கென்று ஒரு முறை இருந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால்தான் அது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

வாடிக்கையாளர் கடைக்குள் வந்ததும் தமக்கு ஒன்றும் வேண்டாம் என்று அறிவிப்பார். விற்பனையாளும் தன்னிடம் விற்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல வேறு பக்கம் பார்ப்பார். பிறகு எப்படியோ பதினைந்து தினுசுகள் மேசைமேல் பிரிந்து கிடக்கும். வாடிக்கையாளர் துணியைப் பழிப்பார். விற்பனையாள் வாடிக்கையாளரைப் பழிப்பார். விலை சொல்லப்படும். வாடிக்கையாளர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்து வெளியே நடப்பார். கடைகளின் முன்னால் கூரையோடு நீளும் நடைபாதைக்கு அஞ்சடி என்று பெயர். அதில் முதல் தூணை வேகமாகக் கடப்பார். இரண்டாவது தூணை மெதுவாகக் கடப்பார். மூன்றாவது தூண் வரும்போது அவருடைய செருப்பில் ஏதாவது கோளாறு வந்துவிடும். அதைச் சரிசெய்யக் குனியும்போது கடைக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்புவார். அதன் பிறகுதான் இரண்டு பேரும் விலையைப் பற்றி உண்மையாகப் பேசத் தொடங்குவார்கள்.

ஹபீப் முகம்மது ஜவுளிக் கடையில் அந்தக் குரல் பதினேழு வருஷமாக நூர் முகம்மதுவுடையது.

ஆள் மெலிந்தவர். கஜக்கோலைப் பக்கத்தில் நிறுத்தினால் எது கோல் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். ஆனால் அவர் ஒருவரைக்கூட இரண்டாவது தூணில் கூப்பிட்டதில்லை. அங்கேயே கூப்பிட்டால் கடைக்காரன் பட்டினி கிடக்கிறான் என்று அர்த்தமாகிவிடும். மூன்றாவது தூணைத் தாண்டிப் போகவும் யாரையும் விட்டதில்லை. அதற்கு அப்பால் குஜராத்திக்காரர் ஜவுளிக் கடை.

முப்பத்திரண்டாம் வருஷம் ரப்பர் விலை விழுந்து பினாங்கில் எல்லாருக்கும் கை இறுகிக் கிடந்த நேரத்தில், முதலாளி ஹபீப் முகம்மது ஒரு கைத்தடி வாங்குவதற்காக வெள்ளைக்காரர்களின் பெரிய கடை ஒன்றுக்குப் போனார். அங்கே கோட்டுப் போட்ட ஒரு விற்பனையாள் இடுப்பை வளைத்து வணங்கி, இங்கிலீஷில் ஏதோ மூன்று வாக்கியம் சொன்னான். முதலாளிக்கு அதில் ஒரு சொல்லும் புரியவில்லை. திரும்பி வரும்போது அவர் கையில் கைத்தடியும் அரை டஜன் காலுறைகளும் இருந்தன. காலுறை போடும் பழக்கம் அவருக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து காலுறைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இவற்றைத் தன் தலையில் கட்டியது எது? விலை இல்லை. சரக்கும் இல்லை. சொற்கள்தான் என்ற முடிவுக்கு வந்தார்.

மறு வாரம், ஆட்களின் பேச்சைத் திருத்துவதற்காக முதலாளி அமர்த்திய ராமசாமி கடைக்கு வந்தார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் யாரும் அவர் குரலைக் கேட்டதில்லை. அவருடைய கையை மட்டும் பார்த்திருக்கிறார்கள். அது பக்கத்து ஜன்னலைக் காட்டும். 'பொதுமக்களிடம் ஒரு தகாத சொல்லும் சொல்லாதவர்' என்று அவருடைய நற்சான்றிதழில் துரை எழுதிக் கொடுத்திருந்தார். அது முழு உண்மை.

பத்து நாளில் ராமசாமி ஒரு சிறு புத்தகம் தயாரித்தார். 'வாடிக்கையாளரிடம் வழங்கத்தக்க சொற்களும் தொடர்களும்.' மொத்தம் அறுபத்து நான்கு விதிகள். அதைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி ஆட்களை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்.

"இனிமே இந்தக் கடையில வசவு கெடையாது. புத்தகத்துல உள்ளபடிதான் பேசணும். பேச வராதவங்க கிட்டங்கிக்குப் போயிரலாம்."

சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் நூர் முகம்மதுவைப் பார்த்தார்கள்.

கிட்டங்கி என்ற சரக்கறை துறைமுகத்துப் பக்கம் இருந்தது. சம்பளம் அதேதான். கப்பலிலிருந்து வரும் துணி மூட்டைகளை வாங்கி அடுக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே ஏற்கெனவே இருந்த ஒருவருக்குக் காது கேட்காது. அந்த வேலைக்கு அது ஒரு தகுதியாகவே கருதப்பட்டது. நூர் முகம்மது அந்த மூட்டைகளை நினைத்துப் பார்த்தார். அவற்றை என்ன சொன்னாலும் அவை திருப்பி ஒன்றும் சொல்லாது.

பயிற்சி மூன்று நாள் நடந்தது.

"ஒரு அம்மாள் கடைக்குள் வருகிறார். முதலில் என்ன சொல்வீர்?" என்றார் ராமசாமி.

"எந்த அம்மா? அதைப் பொறுத்துலா."

"யாரோ ஒருவர்."

"யாரோ ஒருத்தரு வரமாட்டாங்க ஐயா. மெக்கலஸ்டர் ரோட்டு டாக்டரம்மா வருவாங்க. கடலைக்காரர் பொண்டாட்டி வருவாங்க. அவங்களுக்குச் சொல்றத இவங்களுக்குச் சொன்னா செருப்பு பறக்கும்."

"எல்லாருக்கும் ஒன்றுதான். விதி ஒன்று. 'தங்கள் வருகைக்கு நன்றி.'"

"இன்னும் ஒண்ணுமே வாங்கலியே, அதுக்குள்ள எதுக்கு நன்றி?"

ராமசாமி பக்கத்தைப் புரட்டினார். "விதி ஏழு. 'இல்லை' என்ற சொல் தகாது. 'தற்சமயம் வழங்க இயலாத நிலையில் உள்ளோம். பின்னர் தெரிவிக்கப்படும்.'"

"எப்போ தெரிவிக்கப்படும்னு கேட்டா?"

ராமசாமி நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "அதுதான் 'பின்னர்' என்று சொல்லியாயிற்றே."

விதி பதினொன்று, வாடிக்கையாளர் சொல்லும் எதையும் மறுக்கக் கூடாது என்றது. விதி நாற்பது, எழுந்து போகும் வாடிக்கையாளரைத் திரும்ப அழைக்கக் கூடாது என்றது.

"ஐயா, இது எதுக்கு?" நூர் முகம்மதுவின் குரல் முதல்முறையாக இறங்கியது. "கூப்புடாம எப்புடி?"

"எழுந்து போகிறவர் சிந்தித்துத்தான் போகிறார். அவரைக் கூப்பிடுவது அவருடைய அறிவைச் சந்தேகிப்பதாகும்."

"சிந்திச்சுத்தான் போறாங்க. கூப்புடுவோம்னு சிந்திச்சுத்தான் போறாங்க!"

ராமசாமி பென்சிலை எடுத்துக் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டார். ஐந்து கோடு சேர்ந்தால் கிட்டங்கி. நூர் முகம்மது அறுபத்து நான்கையும் மனப்பாடம் செய்தார். குளிக்கும்போது சொன்னார். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் சொன்னார். வீட்டில் மனைவி குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, "தங்கள் கருத்தை முழுமனதுடன் ஏற்கிறோம்" என்று பதில் சொன்னார். அந்த அம்மாள் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

திங்கட்கிழமை காலை ஆசியா பீவி வந்தாள்.

டத்தோ கிராமாட்டிலிருந்து ரிக்‌ஷாவில் வருகிறவள். புருஷன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மகள் ஜன்னத்துக்கு வருகிற வெள்ளிக்கிழமை நிக்காஹ். துணி எடுக்க வரும்போது எப்போதும் உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவாள். துணி பார்ப்பதற்கு இல்லை, பேரத்தைப் பார்ப்பதற்கு.

"ஒண்ணும் வாங்க வரல. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றாள் முறைப்படி.

நூர் முகம்மது எழுந்து நின்றார். மூலையில் முக்காலிமேல் ராமசாமி குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"தங்கள் வருகைக்கு நன்றி. ஒன்றும் வாங்க வேண்டாம் என்ற தங்கள் விருப்பத்தைக் குறித்துக்கொண்டோம்."

ஆசியா பீவி திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். யாருமில்லை.

"யாருகிட்ட பேசுறே?"

"தங்களிடந்தான்."

"ஒடம்புக்கு முடியலியா நூரு?"

அவர் சிவப்புப் பனாரஸ் பட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். அவளுக்காகவே பதினைந்து நாளாக உள்ளே எடுத்து வைத்திருந்த துணி. ஆசியா பீவியின் கண் ஒரு கணம் அதில் ஒட்டிக்கொண்டது. உடனே அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகித் தயாரானாள்.

"இது பட்டா? கோணிப் பைய இதைவிட நைஸா நெய்வான். தண்ணியில போட்டா சாயம் பூராவும் வாளியிலதான் கெடக்கும்."

இதற்கு நூர் முகம்மதுவிடம் பதில் இருந்தது. 'ஒங்க நாக்குல உள்ள வெத்தலச் சாயம் என்னைக்குப் போவுதோ அன்னைக்குத்தான் அக்கா இந்தச் சாயம் போவும்.' தொண்டை வரை வந்துவிட்டது. ராமசாமி பென்சிலை நாக்கில் நனைத்தார்.

"தங்கள் கருத்தை முழுமனதுடன் ஏற்கிறோம்."

"எதை ஏத்துக்கிறே?"

"சாயம் போகும் என்பதை."

கூட வந்த பெண்களில் ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"என்னா நூரு சொல்றே? நெசமாவே போவுமா? அப்ப இத்தனை வருஷமா எனக்கு வித்ததெல்லாம்?"

"தங்கள் மனவருத்தத்துக்கு வருந்துகிறோம்."

ஆசியா பீவி நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். காரியம் இன்னும் கைமீறவில்லை என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள்போல் தெரிந்தது. "சரி, கஜம் என்னா?"

"மூன்று வெள்ளி."

"மூணு வெள்ளியா! பகல் கொள்ளை! இந்தக் கடையில மனுஷன் காலு வைப்பானா?"

"தங்கள் கருத்தை—"

"வேணாம் நூரு." அவள் குரல் கெஞ்சியது. "அதை ஒத்துக்காதே. நான் ஒனக்கு என்னா செஞ்சேன்? ஒத்துக்காதே."

அவர் ராமசாமியைப் பார்த்தார். பிறகு துணியைப் பார்த்தார்.

"முழுமனதுடன் ஏற்கிறோம்."

ஆசியா பீவி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள். அத்தனை வருஷத்தில் அந்தக் கை உண்மையாகவே நெஞ்சுக்காக வைக்கப்பட்டது அன்றுதான். முதல் தூணைக் கடந்தாள். இரண்டாவது தூணைக் கடந்தாள். மூன்றாவது தூணில் செருப்பு மக்கர் செய்தது. குனிந்தாள்.

நூர் முகம்மது மூச்சை உள்ளே இழுத்தார். அது பழக்கம், அவர் இழுக்கவில்லை, அதுவே வந்தது.

"விதி நாற்பது" என்றார் ராமசாமி.

இழுத்த மூச்சு ஒரு சொல்லும் இல்லாமல் வெளியே போனது.

தூணருகே ஆசியா பீவி இடது செருப்பைச் சரிசெய்து முடித்தாள். பிறகு வலது செருப்பை எடுத்துக்கொண்டாள். கூட வந்தவர்கள் தங்கள் செருப்புகளையும் சோதித்தார்கள். ஆறு செருப்பும் ஆயிற்று. குரல் வரவில்லை. கூப்பிடாமல் திரும்புவதற்கு அவள் மானம் இடம் கொடுக்காது. தாண்டிப் போனால் குஜராத்திக்காரர் கடை. அந்தச் சிவப்பு அங்கே கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி வந்து நின்றாள். கடையில் கைலியின் கரையைப் பழித்தவள். அதற்குப் பிறகு ஒரு நோன்யா, மலாய் பேசும் சீன அம்மாள், வந்தார். தமிழ் ஒரு சொல் தெரியாதவர், ஆனால் மூன்றாவது தூண் அவருக்கும் தெரியும். பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது தூணைச் சுற்றிப் பதினொரு பேர் இருந்தார்கள். சாயங்காலம் தேநீர் வாங்கிவரச் சொல்லிக் குடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சிலர் கடைக்குள் வராமல் நேரே மூன்றாவது தூணுக்கே போய் நின்றுகொண்டார்கள். நேரம் மிச்சம்.

முதலாளி உள்ளே உட்கார்ந்து இதையெல்லாம் மகிழ்ச்சியோடு கவனித்தார். "பார்த்தியா, ஒரு சத்தம் இல்ல, சண்டை இல்ல. வெள்ளைக்காரன் கடை கெட்டுது." மாலைக்குள் அவருக்கு ஒரு சின்ன சந்தேகம் வந்தது. "ஏன் நூரு, ஒண்ணும் விக்கலியா?"

"விக்கிறதப் பத்தி விதி எதுவும் இல்லீங்க முதலாளி. அறுபத்து நாலும் படிச்சுட்டேன்."

புதன்கிழமை நகரசபையிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். அஞ்சடியை அடைத்துக்கொண்டு நிற்பது குற்றம்.

"இங்க என்ன கூட்டம்?"

"செருப்பு சரி பண்றோம்" என்றாள் ஆசியா பீவி.

"மூணு நாளாவா?"

"புதுச் செருப்பு."

இன்ஸ்பெக்டர் கடைக்குள் வந்தார். "இவங்கல்லாம் ஒங்க வாடிக்கையாளருங்களா?"

ராமசாமி முக்காலியிலிருந்து எழுந்தார். "கடையின் வாசற்படியைத் தாண்டியதும் வாடிக்கையாளர் என்ற தகுதி முடிவடைகிறது."

"அப்படின்னா அவங்க பாதசாரிங்க. பாதசாரி நடக்கணும்லா?"

"நின்றுகொண்டிருப்பவரைப் பாதசாரி என்று கொள்ள முடியுமா?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "முடியாது."

"ஆகவே நடக்குமாறு அவர்களுக்கு உத்தரவிடவும் முடியாது."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். இத்தனை தெளிவாகப் பேசும் ஒருவரை அவர் தம் அலுவலகத்தில்கூட அண்மையில் சந்தித்ததில்லை. இரண்டு பேரும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். நாலு மணிக்குள் ஒரு படிவம் தயாராகிவிட்டது. 'திரும்ப அழைக்கப்பட வேண்டி விண்ணப்பம்.' மூன்று பிரதிகள். பெயர், முகவரி, பழிக்கப்பட்ட துணியின் வகை, எழுந்து சென்றதற்கான காரணம். கடைசியில் ஒரு கேள்வி: கோபம் உண்மையானதா, பேரத்துக்கானதா? ஏழு வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படும்.

நூர் முகம்மது படிவங்களை எடுத்துக்கொண்டு மூன்றாவது தூணுக்குப் போனார். படிவம் கொடுப்பதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று ராமசாமி தெளிவுபடுத்தியிருந்தார்.

ஆசியா பீவிக்கு எழுதப் படிக்க வராது. கூட வந்தவள் படித்துக் காட்டினாள்.

"ஏழு நாளா? எம்மவளுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ்!" பிறகு அந்தக் கடைசிக் கேள்வியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "ஏ நூரு, கோவம் பேரத்துக்குத்தான்னு எழுதிக் குடுத்துட்டா அப்புறம் எப்புடி வெலைய கொறைப்பே? உண்மைன்னு எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நான் எப்புடித் திரும்பி வருவேன்?"

நூர் முகம்மது கேள்வியைக் கொண்டுபோய் ராமசாமியிடம் கை ஜாடையில் கேட்டார். ராமசாமியின் கை பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டரைக் காட்டியது. இன்ஸ்பெக்டரின் கை ராமசாமியைக் காட்டியது.

வியாழக்கிழமை மதியம். கடைக்குள் ஈ இல்லை. மூன்றாவது தூணில் ஆசியா பீவி மட்டும் தனியாக நின்றாள். செருப்பைத் தொடவில்லை. நூர் முகம்மது மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பேட்டில் அவர் பெயருக்கு நேரே நாலு கோடு. ஐந்தாவது கோட்டுக்குப் பிறகு மூட்டை, காது கேட்காதவர், மௌனம்.

ஆசியா பீவி குஜராத்திக்காரர் கடையைப் பார்த்தாள். ஒரு காலைத் தூக்கினாள்.

"ஆசியாக்கா!"

சூலியா தெருவில் ரிக்‌ஷாக்கள் நின்றன.

"நாலு நாளா தூணைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறியே, அந்தத் தூணே பொண்ணு கேட்டு வந்துரும் போலருக்கே! நீ குடுக்குற காசுக்கு ஒம் மவளுக்குத் தலகாணி ஒறதான் தச்சுப் போடணும். போனாப் போவுதுன்னு பட்டு தர்றேன், வந்து தொலை!"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பிறகு அது திரும்பியது. ஆசியா பீவி வந்த வேகத்தில் முந்தானை பின்னால் பறந்தது. முகமெல்லாம் வெளிச்சம்.

"தூ! என்னா நாக்குடா அது! ஒன்னையப் பெத்தாங்களா, கூவி ஏலத்துல எடுத்தாங்களா? எடு அந்தக் கோணிப் பைய!"

அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். இரண்டு வெள்ளி கால் என்று முடிந்தது. மகளுக்கு எடுத்து, சம்பந்திக்கு எடுத்து, தனக்கும் எடுத்தாள். செய்தி எப்படிப் போனதோ, சாயங்காலத்துக்குள் மற்ற பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். நோன்யாவைப் பார்த்து நூர் முகம்மது தமிழிலேயே ஏதோ சொன்னார். அவர் மலாயில் பதில் சொல்லிவிட்டு நாலு கஜம் எடுத்தார்.

கடை பூட்டும் முன் ராமசாமி குறிப்பேட்டை முதலாளியிடம் நீட்டினார். "ஒரே அழைப்பில் ஒன்பது விதிகள் மீறப்பட்டுள்ளன."

நூர் முகம்மது தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போகத் தயாராக நின்றார். முதலாளி குறிப்பேட்டைப் பார்த்தார். காலியான அலமாரியைப் பார்த்தார். மறுபடி குறிப்பேட்டைப் பார்த்தார். ஒழுக்கமும் வேண்டும், வியாபாரமும் வேண்டும். பாவம், அவர் என்ன செய்வார்.

வழி கண்டுபிடித்தவர் ராமசாமிதான். "ஒரு காரியம் பயன் தருகிறது என்று தெரிந்த பிறகு அதை ஒழுங்குபடுத்தாமல் விட்டுவைப்பது ஆபத்து" என்றார். "ஐந்தாவது கோட்டை நிறுத்திவைத்து, இணைப்பு ஒன்று சேர்த்துவிடலாம்."

மறுநாளே வேலை தொடங்கியது. நூர் முகம்மது சொல்ல வேண்டும், ராமசாமி எழுத வேண்டும்.

"சொல்லும்."

"சும்மா ஒக்காந்து சொன்னா வராது ஐயா. எதிர்ல ஆளு வேணும்."

"என்னையே வாடிக்கையாளராக வைத்துக்கொள்ளும். எனக்கு ஒரு வெள்ளைச் சட்டைத் துணி வேண்டும்."

நூர் முகம்மது அவரை மேலும் கீழும் பார்த்தார். பட்ட கோடுகளெல்லாம் நினைவுக்கு வந்தன. "இருபத்தெட்டு வருஷம் ஜன்னலுக்குள்ள கெடந்து பூஞ்சை புடிச்ச மூஞ்சி. இதுக்கு வெள்ளைத் துணி கேக்குதா? சட்டை எது, ஆளு எதுன்னு தெரியாமத் தொவைக்கப் போட்டுருவாங்க!"

ராமசாமி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பென்சில் ஓடியது. "'நெடுங்காலம் உள்ளிடத்தில் பணியாற்றியதால் நிறம் மங்கிய வாடிக்கையாளருக்கு வெண்ணிறத் துணி பரிந்துரைக்கப்படுவதற்கில்லை.' பிரிவு இரண்டு. மேலே சொல்லும்."

இப்படியாக 'அனுமதிக்கப்பட்ட அவமரியாதைகள்' என்ற இணைப்பு அச்சாயிற்று. ஐந்து பிரிவுகள். ஒரு கஜத்துக்குள் வாங்குகிறவர்களுக்குப் பிரிவு ஒன்று, மிகச் சாதாரணமானது. கல்யாணத் துணி எடுக்கிறவர்களுக்குப் பிரிவு ஐந்து. அதில் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொள்ளலாம். திரும்ப அழைக்கும் தொடர்கள் தனித் தாளில் இருந்தன. மூன்றாவது தூணில், 'அழைப்பை எதிர்பார்த்து நிற்பவர்களுக்கு மட்டும்' என்று நகரசபை அனுமதியோடு ஒரு பலகை மாட்டினார்கள்.

நூர் முகம்மது மேசையில் நீடிக்கலாம் என்று முதலாளி சொன்னார். புத்தகத்தில் உள்ள வசவுகளை மட்டும், புத்தகத்தில் உள்ளபடி. அவருடைய வசவுகள்தானே, இதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் ஒன்றுமில்லைதான். முதல் வாரம் வாடிக்கையாளர்கள் கொஞ்சம் முழித்தார்கள். இரண்டாவது வாரம் பழகிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் அது நாகரிகமாகிவிட்டது. தெருவில் மற்றக் கடைகளும், குஜராத்திக்காரர் உட்பட, புத்தகம் வாங்கி வைத்தன. விருந்துகளில் பெண்கள் பட்டைத் தடவிக் காட்டி, "எனக்கு நாலாம் பிரிவு சொன்னாங்க" என்றார்கள். மூன்றாம் பிரிவுக்காரர்கள் பேச்சை மாற்றினார்கள். பெருமையோடு ராமசாமி ஒரு பிரதியைத் தாம் வேலை பார்த்த பழைய அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தார். விதிகள் அறுபத்து நான்கும் தங்களுக்குப் பயன்படாதவை என்றும், இணைப்பில் உள்ளவை தங்களிடம் முன்பே வழக்கத்தில் இருக்கின்றன என்றும் குறிப்பெழுதி அது திரும்பி வந்தது.

நோன்புப் பெருநாளுக்குச் சில நாள் முன்பு ஆசியா பீவி வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் வருகிறாள். ஜன்னத்துக்கு ஏழாம் மாசம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தொட்டில் கட்ட மெல்லிய துணி தேடித்தான் வந்திருப்பாள். அவளைப் பார்த்ததும் நூர் முகம்மதுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. புத்தகம் மேசைமேல் இருந்தது. அதைத் திறக்க மறந்துபோனார்.

"வாங்கக்கா. நல்லா இருக்கீங்களா? ஜன்னத்து சொகமா?"

ஆசியா பீவி நின்றாள். பையைத் திறந்து தன்னுடைய பிரதியை எடுத்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் ஒன்று வைத்திருந்தாள். கூட வந்தவளிடம் நீட்டினாள். அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இது எத்தனாவது பிரிவு?" என்றாள் ஆசியா பீவி.

"பிரிவெல்லாம் இல்லக்கா. சும்மாத்தான் கேட்டேன்."

"சும்மாவா?" அவள் குரல் உயர்ந்தது. "முதலாளி! இங்க வாங்க! நான் அஞ்சாம் பிரிவு ஆளு. என்னையப் பார்த்து 'நல்லா இருக்கீங்களா'ங்கிறாரு. வீதியில போற வர்றவங்களைக் கேக்குற மாதிரி! இந்த வருஷம் எங்களுக்குக் கை கொஞ்சம் சுருங்கிப்போச்சுன்னு யாராச்சும் வந்து சொன்னாங்களா?"

முதலாளி ராமசாமியைப் பார்த்தார். ராமசாமி அறுபத்து நான்கு விதிகளையும் பார்த்தார், இணைப்பையும் பார்த்தார். வாடிக்கையாளரின் நலம் விசாரிப்பதற்கு எங்கேயும் அனுமதி இல்லை. ஐந்தாவது கோடு போடப்பட்டது. இந்த முறை இணைப்பு எதுவும் சேர்க்கப்படவில்லை.

கிட்டங்கி அவ்வளவு மோசமில்லை. காது கேட்காதவர் நல்ல மனிதர். நூர் முகம்மது என்ன சொன்னாலும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். விதி பதினொன்றை அந்தக் கடையில் பிழையில்லாமல் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, மாட்டுவண்டியில் ஏற்றிய மூட்டைகளோடு நூர் முகம்மது சூலியா தெருவுக்கு வந்தார். அஞ்சடியில் ஆசியா பீவி நடந்துகொண்டிருந்தாள். முதல் தூண். இரண்டாவது தூண். மூன்றாவது தூணில், பலகைக்குக் கீழே, செருப்பைச் சரிசெய்யக் குனிந்தாள். நூர் முகம்மதுவின் மூச்சு தானாக உள்ளே போனது.

கடைக்குள்ளே புதிய ஆள் பக்கத்தைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். "தங்கள் பேரக்குழந்தைக்குத் தொட்டிலைவிடக் கோணிச் சாக்கே பொருத்தமானது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டு, தாங்கள் உடனடியாகத் திரும்பி வந்து தொலையுமாறு கேட்டுக்கொள்கிறோம். பிரிவு ஐந்து."

ஆசியா பீவி நிமிர்ந்தாள். தெருவில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று சுற்றிப் பார்த்தாள். திருப்தியோடு உள்ளே போனாள். சொன்ன விலையை அப்படியே கொடுத்தாள். விலையைக் குறைப்பது பற்றி இணைப்பில் ஒன்றும் இல்லை.

பொட்டலத்தோடு வெளியே வந்தவள் வண்டியருகே நூர் முகம்மதுவைப் பார்த்து நின்றாள். கொஞ்சம் சங்கடப்பட்டதுபோல் இருந்தது.

"கேட்டியா நூரு? அஞ்சாம் பிரிவு. என்னா இருந்தாலும் இப்பதான் மரியாதையா இருக்கு."

நூர் முகம்மது மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். நேராக நின்றார்.

"தங்கள் கருத்தை முழுமனதுடன் ஏற்கிறோம்" என்றார்.

முதல்முறையாக அது அவருக்குத் தடங்கலில்லாமல் வந்தது.